ஊறுகாய்த் தொட்டிமேல் ஒரு சாணைக்கல்

"இனிமேல் ஒரு சாணைக்கல்கூட வாங்க மாட்டேன்!" என்று என் மனைவி கினுயோவிடம் சத்தியம் செய்தேன். சும்மா வாய்ச்சத்தியம் இல்லை. வீட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் நின்று, கைதட்டி, தலைகுனிந்து செய்த சத்தியம்.

எங்கள் ஊர் கமேயோக்கா. மலையைத் தோண்டினால் சாணைக்கல் வருகிற ஊர். மற்ற ஆண்கள் குடிக்கிறார்கள், நான் கல் வாங்குகிறேன். செருப்பு அலமாரியில் கல், மெத்தை அலமாரியில் கல், குளியல் தொட்டிக்குப் பின்னால் கல். கத்தி என்னவோ மூன்றுதான்.

"இன்னொரு கல்லு இந்த வாசப்படி தாண்டட்டும். இருக்கிற அத்தனையையும் ஆத்துல கொண்டுபோய்க் கொட்டிடுவேன்!" என்றாள். கினுயோ சொன்னால் செய்வாள். என் கிளாரினெட் போன இடம் இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீட்டு நிஷிபோரி தன் கொட்டகையை ஒழிக்கிறவரைக்கும் சத்தியம் நன்றாகத்தான் இருந்தது.

"சும்மா தொட்டுப் பாருங்க. தொட்டா சத்தியம் கெட்டுடுமா?" என்றார். மஞ்சள் கல். பேரிக்காய்த் தோல் மாதிரி புள்ளி. தொட்டேன். கெட்டேன்.

எங்கே ஒளிப்பது? பின்கட்டில் கினுயோ கோஸ் ஊறவைத்த மரத்தொட்டி இருந்தது. குளிர் தொடங்கினால் எல்லார் வீட்டிலும் தொட்டி, மூடிமேல் பாரத்துக்கு ஒரு கல். ஊறுகாய்க் கல்லை யார் உற்றுப் பார்ப்பார்கள்? என்னே என் மூளை! அவள் வைத்த ஆற்றுக்கல்லை வேலிக்குப் பின்னால் போட்டேன். சாணைக்கல் உப்புத்தண்ணீர் பட்டால் ஏடு ஏடாகப் பிளந்துவிடும். அதனால் பிளாஸ்டிக்கில் சுற்றி, அதன்மேல் உருவமே தெரியாதபடி பந்துபோலத் துணி சுற்றி, முடிச்சுப் போட்டு மூடிமேல் ஏற்றினேன்.

மறுநாள் விடியற்காலை, நனைந்ததா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, காலங்காத்தால தொட்டிகிட்ட என்ன பண்றீங்க?"

"கோஸ்... நல்லா ஊறுதான்னு பாத்தேன்."

"கல்லுக்கு எதுக்குச் சட்டை?"

"சுத்தம் வேணாமா?"

"அடேயப்பா! ஊறுகா மேல இம்புட்டு ஆசையா? இது தெரியாம இத்தனை வருஷமா நான்ல கை விறைச்சுக் கெடந்தேன்! இனிமே தொட்டி உங்க பொறுப்பு."

மாட்டேன் என்றால் அவள் கல்லைத் தூக்குவாள். தூக்கினால் தெரியும். தெரிந்தால் ஆறு. ஒப்புக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் கோஸ் பிளந்தேன், வெயிலில் காயவைத்தேன், உப்புத் தடவினேன். விரல்கள் என்னுடையவைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தொட்டி மூன்றானது. "எங்கக்கா உங்க கைப்பக்குவம் கேக்குறா" என்று அவள் அக்காவின் தொட்டியும் வந்து சேர்ந்தது.

ஒரே ஆறுதல், கத்தி. கினுயோ முள்ளங்கி அரிந்தால் வில்லைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

"நவம்பர்ல நான் தீட்டினது! இன்னும் கூர் நிக்குது பாருங்க. கைராசி!" என்று நிஷிபோரியிடம் பீற்றிக்கொண்டேன். அவருக்குத் தேநீர் புரையேறியது. பாவம், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் முடிந்து பிளம் பூத்தது. தொட்டி காலியானது. கினுயோ உள்ளே இருந்த நேரம் பார்த்து ஆசை ஆசையாக முடிச்சை அவிழ்த்தேன். துணி. பிளாஸ்டிக். உள்ளே, வேலிக்குப் பின்னால் நான் போட்ட அதே ஆற்றுக்கல்.

சமையலறைக்கு ஓடினேன். அங்கே ஈரத்துணிமேல் என் மஞ்சள் கல். தண்ணீர் தெளித்துத் தெளித்து, சர்ரக் சர்ரக் என்று கினுயோ கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்ப... எப்ப எடுத்தே?"

"நீங்க வச்ச அன்னைக்கு ராத்திரியே. நிஷிபோரி சம்சாரம் வந்து சொல்லிட்டாங்களே. அதெல்லாம் ஒரு முடிச்சா? பாப்பா சடைகூட அதைவிடக் கெட்டியா இருக்கும்."

"அப்புறம் ஏன் ஆத்துல கொட்டல?"

"நல்ல கல்லுங்க. கொட்ட மனசு வரல. கோஸும் ருசியாத்தான் இருந்துச்சு." கத்தியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். "ஊறப்போடக் கடுகுக்கீரை வந்திருக்கு. இப்பச் சொல்லுங்க. கல்லெல்லாம் ஆத்துக்குப் போகணுமா, நீங்க தொட்டிக்குப் போறீங்களா?"

தொட்டிக்குப் போனேன். கீரையை நறுக்கினேன். நான் தீட்டிய எந்தக் கத்தியும் இதுவரை இப்படி வெட்டியதில்லை.