ஒத்த ஷேருக்கு நான் பேசின பேரம்

யோவ் கட்டம் போட்ட சட்டை, நீ எங்க இருந்தாலும் சரி, இதைப் படி. அந்த ஞாயித்துக்கிழமையில இருந்து என் வீட்டுல எனக்கு ரெண்டாவது தோசை விழறதில்ல. அதுக்கு முழுப் பொறுப்பு நீதான்.

மத்தவங்களுக்கு விஷயத்தைச் சொல்லிடறேன்.

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. குரோம்பேட்டையில ஒரு மீட்டிங்குக்குப் போகணும். ஒரு தீர்மானம் வரும். அதுக்குக் கை தூக்காம உக்காந்திருக்கணும்.

கை தூக்காம இருக்கறதெல்லாம் ஒரு வேலையா? என் கடையில சாத்தி வச்சிருக்கற பழைய கதவு கூடச் செய்யும்.

நான் தாம்பரத்துல இடிச்ச வீட்டுக் கதவு, ஜன்னல் வாங்கி விக்கறவன். ஸ்கூல் எட்டாவதோட முடிஞ்சுது. மிச்சப் படிப்பெல்லாம் என்னை ஏமாத்தினவங்க சொல்லிக் குடுத்தது. அதனால சொன்ன விலைக்கு எதையும் வாங்க மாட்டேன். பல் டாக்டர்கிட்டயே, "பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கினா எவ்வளவு குறைப்பீங்க?"ன்னு கேட்டவன்.

மீட்டிங் ஒரு சின்ன சுரங்கக் கம்பெனியோடது. எங்கயோ ஒரு மலையில கிராஃபைட் இருக்குன்னு தேடிக்கிட்டே இருக்காங்க. பென்சிலுக்குள்ள இருக்குமே, அது. இப்போ பேட்டரிக்கும் வேணுமாம். இதுவரைக்கும் கம்பெனி உருப்படியா தோண்டினது ஆபீஸ் போர்வெல் மட்டும்தான். அதுலயும் தண்ணி வரல.

அதுல என்கிட்ட முந்நூறு ஷேர் இருக்கு. என் மாமியார்கிட்ட தொண்ணூத்தொம்பது.

அத்தை வாங்கினது என்னவோ நூறுதான். முழுசா இருந்தா கண்ணு படும்னு சொல்லி, ஒண்ணை மட்டும் குலதெய்வம் கோயில் தர்மகர்த்தா பேருக்கு மாத்தி விட்டுட்டாங்க. ஆக, எங்க அம்மனும் ஷேர்ஹோல்டர்.

இந்த நேரத்துல கம்பெனி ஒரு நோட்டீஸ் அனுப்புச்சு. பழைய ஷேர் நூறைச் சேர்த்து புதுசா ஒண்ணு ஆக்கப் போறாங்களாம். நூறுக்குக் கீழ வச்சிருக்கறவங்களுக்கு கொஞ்சம் காசு குடுத்து வழியனுப்பிடுவாங்களாம். அதுக்கப்புறம் ஒரு பெரிய கம்பெனி வந்து நம்ம கம்பெனியையே நல்ல விலைக்கு வாங்கிக்கும்னு பேச்சு.

அத்தை அந்தப் பெரிய கம்பெனிக்காகத்தான் வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்காங்க. "நம்ம மலையைக் கேட்டு ஆள் வரப்போகுது"ன்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க. ஆள் வர்ற நேரத்துல, ஒத்த ஷேர் குறையுதுன்னு இவங்களை வெளிய அனுப்பினா?

"அம்மன்கிட்ட இருக்கற ஒண்ணைத் திருப்பி வாங்கிடலாமே அத்தை"ன்னேன்.

"சாமிக்குக் குடுத்ததைக் கேப்பீங்களா மாப்ள? கண்ணு போயிடும். எனக்கு இப்போதான் ஆபரேஷனே ஆகியிருக்கு" என்றார், கறுப்புக் கண்ணாடியைச் சரிசெஞ்சுக்கிட்டு. "நீங்க போய் சண்டை கிண்டை போட வேணாம். ஆதரவுன்னு கேட்டா கையைக் கீழ வைங்க. எதிர்ப்புன்னு கேட்டா தூக்குங்க. அவ்வளவுதான்."

என் பொண்டாட்டி வசந்தி சமையல்கட்டுல இருந்து, "அம்மா, அவரு வாயை மூடிக்கிட்டு உக்கார்ற வேலையா குடுக்கற? வேற ஏதாவது சுலபமா குடு" என்றாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு ஓட்டலுக்கு மாடியில ஹால். ஏ.சி. இருந்துச்சு, ஓடல. மேடையில கோட் போட்ட சேர்மன். கீழ நாங்க ஒரு நாற்பது பேர் இருப்போம். ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு, எத்தனை ஷேர் வச்சிருந்தாலும்.

எனக்கு முன்னாடி ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எழுந்து நின்னாரு.

"நூறு இட்லியை ஒண்ணா ஒட்டி ஒரு இட்லி ஆக்கினா மாவு அதிகமாயிடுமா சார்?"

"மாவு அதே மாவுதான் சார். வாங்க வர்றவங்களுக்கு எண்ணுறது சுலபம்" என்றார் சேர்மன்.

"வாங்க வர்றவங்க யாரு?"

"அது ரகசியம்."

"பொண்ணு பாக்க வர்றாங்கன்றீங்க, மாப்பிள்ளை வீடு எந்த ஊருன்னு கூடச் சொல்ல மாட்டேன்றீங்க."

கை தட்டல். நானும் தட்டினேன். வாத்தியார் திரும்பிப் பார்த்து, "நீங்க நம்ம பக்கம்தானே?" என்றார். "ஒரு கை உங்களுக்குத்தான் சார்"னு வாக்குக் குடுத்தேன்.

அதோட வாயை மூடியிருந்தா இந்தக் கதையே இல்ல. பக்கத்துல நீ வந்து உக்காந்த.

"எனக்கு இது எப்படிப் போனாலும் பரவால்ல சார். என்கிட்ட நூத்தியொண்ணு. நூறு ஒண்ணாயிடும். அந்த மிச்ச ஒண்ணுதான் வேஸ்ட்"ன்னு நீயாத்தான் சொன்ன.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஆயிடுச்சு. அத்தைக்கு ஒண்ணு குறையுது, உனக்கு ஒண்ணு கூட இருக்கு. வேற ஒருத்தனா இருந்தா உன் கையைப் பிடிச்சு, சொன்ன காசைக் குடுத்து, கீழ கூட்டிட்டுப் போய் காபியும் வாங்கிக் குடுத்திருப்பான்.

நான் கேட்டேன்: "அந்த வேஸ்ட்டை எவ்வளவுக்குத் தருவே?"

"முந்நூறு குடுங்க சார்."

"ஒத்த ஷேரை எவன்யா முந்நூறுக்கு வாங்குவான்? ஜோடி இல்லாத செருப்பு மாதிரி கிடக்குது."

"அப்போ நீங்க ஏன் சார் கேக்கறீங்க?"

"பாவம் பாத்துக் கேக்கறேன். நூறு தர்றேன்."

"நூறா? எங்க மறைமலை நகர்ல நூறுக்கு டீயும் வடையும் கூட—"

"டீ சூடா இருக்கும்யா. உன் ஷேர் ஆறிப்போனது."

மேடையில இருந்து, "பின்னாடி கொஞ்சம் அமைதியா இருங்க"ன்னு குரல் வந்துச்சு. நான் அமைதியாத்தான் இருந்தேன். என் அமைதி அப்படித்தான் இருக்கும்.

நீ முந்நூறுல இருந்து இறங்கல. சரி, கடைசி வித்தையை எடுத்தேன். பேரத்துல பெரிய வித்தை நடைதான். வேணாம்னு எழுந்து நடக்கணும். மெதுவா நடக்கணும். திரும்பிப் பாக்கக் கூடாது. வாசலுக்குப் போறதுக்குள்ள பின்னாடி இருந்து கூப்பிடுவாங்க. தேக்குக் கதவுல இருந்து வெண்டைக்காய் வரைக்கும் எனக்கு இது பொய்யானதே இல்ல.

எழுந்தேன். நடந்தேன். நாற்காலிங்களைத் தாண்டினேன். கூப்பிடல. தண்ணி கேன் வரைக்கும் போயிட்டேன். கூப்பிடல. அங்க நின்னு, தாகமே இல்லாம ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். வாசல் நிலையில கை வச்சு, மரம் எப்படின்னு தட்டிப் பாத்தேன். வேப்பமரம். ரெண்டாந்தரம்.

அப்போதான் பின்னாடி இருந்து, "சார், கடைசியா எவ்வளவு?"ன்னு நீ கேட்ட.

மனசுக்குள்ள மேளம் அடிச்சுது. திரும்பினேன். இருநூறுன்னு சொல்றதுக்காக கையை நல்லா உயரத் தூக்கி, ரெண்டு விரலைக் காட்டினேன். நீ தலையாட்டின. முடிஞ்சுது பேரம்.

ஹால்ல எல்லாரும் என்னையே பாத்தாங்க. நிறைய பேர் கை மேல இருந்துச்சு.

சேர்மன் மைக்குல, "வாசல்கிட்ட நிக்கற சாரையும் சேர்த்துக்குங்க"ன்னாரு. "எதிர்ப்புக் கையை முன்னாடியே எண்ணியாச்சு. ஒரு கை வித்தியாசத்துல தீர்மானம் நிறைவேறியது. நன்றி."

"யோவ், நான் விலை சொன்னேன்யா" என்று கத்தினேன்.

"ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்கன்னு மூணு தடவை மைக்குல சொன்னோமே சார். நீங்க ரெண்டு விரல் வேற காட்டினீங்க. ஜெயிச்சுட்டோம்னு சந்தோஷப்படறீங்கன்னு நினைச்சோம்."

வாத்தியார் என் பக்கத்துல வந்தாரு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். "உங்களை எந்த ஸ்கூல்ல படிக்க வச்சாங்க?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாரு.

சரி, தீர்மானம் போனா போகட்டும், அந்த ஒத்த ஷேர் இருக்கேன்னு திரும்பினா, உன் நாற்காலி காலி. பஜ்ஜி தட்டு வந்த பக்கம் கூட்டம் சாஞ்சதுல நீ எங்க போனேன்னே தெரியல. மறைமலை நகர்னு சொன்னியே தவிர பேர் சொல்லல. பேர் கேட்டா பாசம் வந்து விலை ஏறிடும்னு நானும் கேக்கல.

அந்த ஊர்ல பாதிப் பேர் ஃபேக்டரியிலதானேன்னு, மறுநாள் ஷிப்ட் விடற நேரத்துல மறைமலை நகர் வந்தும் பார்த்தேன். அத்தனை பேரும் ஒரே கலர் யூனிஃபார்ம். கட்டம் போட்ட சட்டையைத் தேடி நின்ன என்னை செக்யூரிட்டிதான் தேடி வந்தான்.

வீட்டுல தீர்ப்பு வந்தாச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள அத்தைக்கு நூறாவது ஷேர் வரணும். வேற எவன்கிட்டயும் உபரி இல்ல. வரலைன்னா என் முந்நூறுல ஒண்ணை அவங்களுக்குக் குடுக்கணும்னு வசந்தி சொல்லிட்டா. அப்படிக் குடுத்தா எனக்குப் புதுசா ரெண்டுதான் கிடைக்கும். மிச்சம் தொண்ணூத்தொம்பதுக்கும் சில்லறை குடுத்து அனுப்பிடுவான்.

அத்தை கறுப்புக் கண்ணாடியோட, "பரவால்ல மாப்ள, இருநூறுதான் உங்க ராசியான நம்பர் போல" என்றார்.

யோவ் கட்டம் போட்ட சட்டை, நீ தலையாட்டினதை நாற்பது பேர் பாத்தாங்க. அது வாக்கு. மரியாதையா தாம்பரம் வந்து அந்த ஒத்த ஷேரை அத்தை பேருக்கு மாத்திக் குடு. இருநூறு கூட வேணாம், நீ கேட்ட முந்நூறையே முழுசா தர்றேன். பேரமே கிடையாது.

மாத்தற செலவு மட்டும் உன்னுது.