எஸ்டேட் மாப்பிள்ளை

மிக்சி ஓடும்போது நல்ல செய்தி சொன்னதுதான் ஜுல்ஃபிகர் செய்த ஒரே தப்பு.

"ஷாகிதா! எஸ்டேட்ல வேலை கெடைச்சிடுச்சு!"

அவர் சொன்னது அம்பத்தூர் எஸ்டேட்டை. கம்பெனி கம்பெனியாகப் போய் ஏசி, லைட், மோட்டார் எல்லாவற்றையும் சோதித்து, கரண்ட் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் வேலை.

"ஸ்டேட்ஸ்லயா? அமெரிக்காவா!" என்று கூவிய மனைவி ஷாகிதா, கையைக்கூடக் கழுவாமல் அடுத்த தெருவிலிருந்த அம்மா வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

பத்தே நிமிடத்தில் மாமியார் சைனம்பு வந்து சேர்ந்தார். அவருடைய ஒரே மகன் முதஸ்ஸிர் மூன்று வருடமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். அதனால் பூந்தமல்லியில் ஏசி ரிப்பேர் பார்க்கும் மருமகனை அவர் 'ஏசிக்காரரு' என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கோ, எழுந்து நின்றவரைப் பார்த்து, "உக்காருங்க மாப்ளே" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் மாப்ளே! ஜுல்ஃபிகருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்த மரியாதையை எப்படி விடுவது? வாயை மூடிக்கொண்டார்.

"எந்த ஸ்டேட்டு?"

"இன்னும் சொல்லல மாமி."

"என் புள்ளையாண்ட கேப்போம்."

அங்கே நடுராத்திரியாம். இருந்தும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டான் முதஸ்ஸிர். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பீக்கரில் அவன் குரல் நடுங்கியது.

"கரண்ட் மிச்சம் பண்ற வேலையா மச்சான்? கலிஃபோர்னியாவுலதான் ரொம்ப ஜாஸ்தி. ஆனா இங்க மட்டும் வந்துடாதீங்க! வயோமிங்னு ஒரு ஸ்டேட்டு இருக்கு, அங்க போங்க."

"அங்க வேலை நெறைய கீதா?" என்றார் சைனம்பு.

"ரொம்பக் கம்மி. ஆனா... காத்து நல்லா வரும்."

முதஸ்ஸிருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டார் ஜுல்ஃபிகர். ஆனாலும் கலிஃபோர்னியா என்றால் மகனோடு தங்கச் சொல்வார் மாமியார், மாட்டிக்கொள்வோம்.

"வயோமிங்தான் மாமி" என்றார் அவசரமாக.

"குளுருமா?"

"செமையா குளுரும்."

மறுநாளே கம்பளி ஸ்வெட்டரும் இடுப்புயரப் பெட்டியும் வந்து இறங்கின.

"ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேணாம். கூட்டத்தப் பாத்தா விசாவ கிழிச்சிடுவான்" என்று சொல்லிப் பார்த்தார். சரி என்று தெருவே மாலையோடு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை மட்டும் வந்தது.

"ஏங்க, இது அம்பத்தூர் பஸ்ஸாச்சே?" என்றாள் ஷாகிதா.

"சுத்திக்கினு போவும்."

சித்திரை வெயிலில் ஸ்வெட்டரோடு பெட்டியை இழுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கு வந்தபோதுதான், சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போவது என்பது ஜுல்ஃபிகருக்கு உறைத்தது. அழுகையே வந்துவிட்டது.

வாட்ச்மேன் நடேசன் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆச்சரியமே படவில்லை.

"இன்னா சார், நீங்களும் அமெரிக்காவா? பொட்டிய அந்த மூலையில வையுங்க. நம்ம கலிஃபோர்னியா முதஸ்ஸிர் சார் பொட்டி மூணு வருசமா அங்கதான் கீது."