மாமாவின் அலமாரியில் யாரும் கை வைக்கவில்லை

கல்முனைக்குடி,
2009 நவம்பர்.

அன்பும் அச்சமும் ஒருங்கே உரித்தான மாமா முகைதீன்பாவா அவர்களுக்கு, மருமகன் அஸ்கி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மகள் ஸகியா, மாமி நாச்சியா, லொறிகள் இரண்டு, நான் ஆகிய எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் ஓடிக்கொண்டிருக்கிறோம். தாங்கள் மக்காவில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஹஜ்ஜுக்காக இஹ்றாம் உடையில் நிற்பவரைக் கோபப்படுத்துவது பாவம். அதைக் கழற்றிய பிறகு கிடைக்கட்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு இன்னும் தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பங்களைப் புதிய வீட்டுத் திட்டத்துக்கு ஏற்றி இறக்கும் வேலையை நமது இடமாற்றக் கம்பனிக்குத் தருவதாக ஒரு வெளிநாட்டு நிறுவனம் சொன்னதல்லவா, அவர்கள் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வந்தார்கள். பயணத்துக்கு முன் நீங்கள் வாசிக்காமல் கையெழுத்திட்ட தாள்களில் ஒன்று, நமது கம்பனியிலும் நமக்குப் பொருள் விற்கிறவர்களிடத்திலும் அடிமைகள் இல்லை என்ற உறுதிமொழியாம். இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதாதாம், இல்லாததைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்ப்பதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும், சொல்வதற்குக் கொழும்பில் படித்த ஒரு மொழிபெயர்ப்பாளத் தம்பியும் வந்திருந்தார்கள்.

கயிறும் பெட்டியும் சாமான் மூடும் படங்கும் எவர் எவர் கைமாறி நம்மிடம் வருகின்றன என்பதுதான் பெண்மணியின் முதல் கேள்வி. அதற்கு அவர்களுடைய மொழியில் சங்கிலி என்று சொல்வார்களாம். தம்பி அதை அப்படியே இறக்கிவைத்து, "உங்கட சங்கிலிய மெடம் பாக்கணுமாம்" என்றார். நமது மூத்த தொழிலாளி கச்சிமுகம்மது ஓடிப்போய், லொறியின் பின்பலகைச் சங்கிலியைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, மேசையில் பரத்தி வைத்தார். "நல்ல சங்கிலி, மிஸ். இதால கட்டினா ஒண்டும் அசையா" என்று சான்றும் கொடுத்தார். அடிமை உண்டா என்று பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நாம் முதன்முதலில் வைத்த பொருள் சங்கிலி.

பெண்மணி பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு கச்சிமுகம்மதையே விசாரிக்கச் சொன்னார். ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கும் மனிதர் அவர் என்பது தம்பிக்குத் தெரியாது.

"நீங்க அடிமையா?"

"ஓம் தம்பி, அடிமைதான். அதில என்ன வெக்கம்."

"எவ்வளவு காலமா?"

"பொறந்ததில இரிந்து."

"விட்டுட்டுப் போக ஏலாதா?"

"எங்க போற? செத்து மௌத்தானாலும் அவன்ட்டத்தானே போகணும்."

"ஆரு அவர்?"

கச்சிமுகம்மது விரலை உயர்த்தி, "மேல இரிக்கான்" என்றார்.

நமது கட்டடத்தில் மேலே இருப்பது உங்கள் கந்தோர் அறை. நான் வாயைத் திறப்பதற்குள் பெண்மணி மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். மேலே போய் அவர் கண்டது வெறும் நாற்காலியையும் அந்த இரும்பு அலமாரியையும்தான். இங்கே எல்லோருமே அல்லாஹ்வுக்கு அடிமைகள், அதற்குச் சம்பளப் பிரச்சினை கிடையாது என்று நான் விளக்கியதும் அவர் முகம் சிவந்து, நமது மார்க்கத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக, அலமாரிக்குள் என்ன என்று கேட்டார்.

தொழிலாளர்களின் அடையாள அட்டைகள் என்றேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது. சுனாமியில் கடல் கொண்டுபோன அட்டைகளை அரசாங்கக் கச்சேரி திரும்பத் தந்தது, கச்சேரி தந்ததை நீங்கள் வாங்கிப் பூட்டினீர்கள். கடல் இன்னொரு முறை வந்தால் ஆள் போனாலும் அட்டை நிற்கும். அட்டை இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாது என்பதால், அன்றிலிருந்து ஒருவர்கூட நமது வேலையை விட்டு வேறு ஊருக்குப் போனதில்லை. "பாதுகாப்பு" என்று தம்பி மொழிபெயர்த்தார். பெண்மணி மகிழ்ந்து எழுதிக்கொண்டார். தொழிலாளர்களிடம் இவ்வளவு விசுவாசத்தை வேறெங்கும் கண்டதில்லை என்றும் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நமது தொழிலாளி கிருஷாந்தன் குறுக்கே வந்தார். நீங்களும் அடிமையா என்று தம்பி கேட்க, "இல்ல, நான் வீரமுனைக் கோயிலடி ஆள்" என்றார் அவர். "ஆனா என்ட ஐசி அட்டையும் அதுக்குள்ளதான் இரிக்கி. வெள்ளிக்கிழமைக்கு முதல் எனக்கு அது வேணும்." அது கம்பனியின் வீட்டு விஷயம் என்று தம்பி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. நாம் பரிசோதனையில் தேறிவிட்டோம், மாமா. முபாறக்.

கிருஷாந்தனின் கதை உங்களுக்குத் தெரியும். சண்டையில் கணவனைப் பறிகொடுத்த அவருடைய அக்கா செல்லத்தங்கம் வவுனியா முகாமில் இருக்கிறார். சொந்தக்காரர் யாராவது நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டினால் வெள்ளிக்கிழமை விடுவார்களாம். தவறினால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடுமாம். கிருஷாந்தன் மக்காவுக்கே அழைப்பு எடுத்துக் கேட்டபோது, "நான் வந்து தாறன், முகாம் எங்கயும் ஓடிராது" என்றீர்கள். மெய்தான். அதற்குத்தானே முள்ளுக்கம்பி அடித்திருக்கிறார்கள். அலமாரிச் சாவியோ உங்கள் இடுப்புப் பட்டியில் இருந்து உங்களோடு சேர்ந்து கஃபாவைச் சுற்றித் தவாபு செய்கிறது. அலமாரியில் எவனாவது கை வைத்தால் கஃபாவுக்கு முன்னால் நின்றே அவனைச் சபித்துவிடுவதாகவும் சொல்லிப் போயிருக்கிறீர்கள். ஊரிலிருந்து செய்யும் சாபத்துக்கே நாங்கள் பயம். அங்கிருந்து வருவதை யார் தாங்குவது?

"அஸ்கிக் காக்கா, நீங்களாச்சும் ஒடச்சித் தாங்களன்" என்றார் கிருஷாந்தன்.

"மருமகன் அலமாரிய ஒடச்சா வீடு ஒடையும், தம்பி. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பன். அங்க அக்காட பேரக் கூப்பிடக்குள்ள ஆரு ஓம் எண்டு சொல்ற?"

பொறுமையின் சிறப்பைப் பற்றி நான் அவருக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவர் கீழே போய் லொறிக் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கினார். ஆகவே இங்கே எல்லாம் அமைதி. அலமாரி பூட்டியபடி இருக்கிறது. எவரும் கை வைக்கவில்லை. தாங்கள் கவலையின்றி ஹஜ்ஜின் அமல்களைத் தொடருங்கள், எங்களைத் துஆவில் மட்டும் நினையுங்கள், வேறெதிலும் நினைக்க வேண்டாம். ஸகியா ஸலாம் சொல்கிறாள். மாமி ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
அஸ்கி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகுதான் மாமி சொன்னார். இதை இப்போது வவுனியாவில், முகாமுக்கு வெளியே, லொறியில் இருந்து எழுதுகிறேன். செல்லத்தங்கம் அக்கா வந்துவிட்டார். அவர் பெயரைக் கூப்பிட்டபோது கிருஷாந்தன் சொன்ன ஓம், வரிசையில் நின்ற எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஏற்றுவதற்கு அவரிடம் இருந்த சாமான் ஒரு பொலித்தீன் பை. நமது கம்பனி இவ்வளவு சிறிய இடமாற்றத்துக்கு இதுவரை வந்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். "துறக்காட்டிச் சாபம் எப்படி வரும்? அலமாரிய ஏத்துங்க" என்று மாமி தீர்ப்புச் சொன்னார். கை வைக்கக் கூடாது என்பது உங்கள் கட்டளை. நாங்கள் கை வைக்கவில்லை, கயிறு வைத்தோம். அலமாரி போகும் இடத்துக்குத் தானும் போவதாகச் சொல்லி மாமி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அதைத் தூக்கிய தொழிலாளர்கள் எல்லோரும் பின்னால் ஏறினார்கள். மட்டக்களப்புப் பாதையில் முதற் சாவடியில் சிப்பாய் ஐசி கேட்டார். அலமாரிக்குள் என்றோம். திறக்கச் சொன்னார். சாவி மக்காவில் என்றோம். சண்டை முடிந்து அரை வருடம் ஆவதற்குள், பூட்டிய இரும்பு அலமாரியைத் திறந்து பார்க்காமல் விடுகிற சாவடி இந்த நாட்டில் இல்லை. இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை என்று எழுதச் சொல்லி மாமி சிரிக்கிறார். அவர்களே அலவாங்கு கொண்டுவந்து கதவை நெம்பினார்கள். ஆகவே திறந்தது அரசாங்கம். சாபத்தை அந்த விலாசத்துக்கு அனுப்பவும்.

உள்ளே இருந்த அட்டைகளைச் சிப்பாய் ஒவ்வொன்றாக முகத்தோடு ஒப்பிட்டார். கல்யாணத்துக்கு அடுத்த நாள் நீங்கள் பத்திரத்துக்கு என்று வாங்கிவைத்த என்னுடையதும் அதில் இருந்தது. "முதலாளியா, லேபரா?" என்று கேட்டார். மருமகன் என்றேன். அவருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் அட்டையையும் லேபர் அட்டைகளோடு சேர்த்து, ஒரே கட்டாகக் கிருஷாந்தனின் கையில் கொடுத்தார்.