நாற்காலியில் முள் இல்லை

போர்ன்மவுத்தில் கடற்காற்றும் கண்டிப்புமாக வாழ்ந்துவரும் அன்பு அக்கா பெரிலுக்கு, தம்பி ஆமோஸ் பிரீஸ் வாயால் சொல்ல மியூரியல் அம்மையார் கையால் எழுதுவது. இங்கே நான் நலம். நாய் மேஜரும் நலம். மழையும் ஒரு குறையில்லாமல் இருக்கிறது. உன் முழங்காலைப் பற்றிக் கேட்பது தம்பியின் கடமை, கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை மியூரியல் வாசித்துக் காட்டினார். நீ கோபப்பட்ட இடங்களில் குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தார், ஆனாலும் உன் குரல் கேட்டது. திங்கட்கிழமை ரயிலில் நீ வருகிறாய், என் வீட்டைப் பூட்டுகிறாய், என்னைக் கொண்டுபோய் உன் பின்னறையில் வைக்கிறாய், உன் கட்டிடத்தில் நாய் கூடாது என்பதால் மேஜரை யாரிடமாவது தள்ளிவிடுகிறாய் என்பதுவரை புரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஞாபகம் ஒன்றுதான் சொத்து. வசந்தகாலத்தில் நான் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுப் பக்கத்துப் பண்ணையில் ஆடு குட்டி போடுவதைப் பார்க்கப் போய், சமையலறைத் திரை எரிந்துபோனதே, அன்றைக்கு நீ சொன்னது அப்படியே இருக்கிறது என்னிடம். "கூட்டாளிகளோட ஊர் சுத்தப் போறேங்கிற. போயிட்டு வா. ஒரு வம்பும் இல்லாம வந்து சேந்தா நீ உன் வீட்லயே கிட, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா உன்னப் பத்தி எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு, அன்னிக்கே உன் வீட்டுக்குப் பூட்டு." இதுதான் நீ சொன்னது. இப்போது அந்த ஃபோன் வந்துவிட்டது, "உங்க தம்பி எங்க மாளிகையில மரச்சாமானுக்கு நடுவுல கெடைச்சாரு" என்று ஒரு பெண் சொன்னாள் என்கிறாய். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் இதில் வம்பு எங்கே இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

நெவில் டிரான்டரை உனக்குத் தெரியும், ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவன். வேலையிலிருந்து நின்றானே தவிர அவனுக்குள் ஓடும் பஸ் நிற்கவில்லை. பழைய கோட்டை கொத்தளங்களை வருஷம் முழுக்கச் சும்மா பார்ப்பதற்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள், அதை வாங்கிவிட்டான். சும்மா பார்க்கலாம் என்பது அவனைப் பொறுத்தவரை பார்த்தே தீரவேண்டும் என்பது. அவன் முன்னால், மியூரியல் பக்கத்தில், நான் பின்னால், ரொட்டிக் கூடை என் மடியில், இப்படித்தான் கிளம்பினோம். முதலில் வெதர்ஃபோல்ட் கோட்டை. அங்கே என்னை விட்டுவிட்டு வண்டி கிளம்பியதை நீ கேள்விப்பட்டிருந்தால், அதுவும் வம்பில் சேராது. புறப்படும் நேரம் இது என்று நெவில் முன்கூட்டியே அறிவித்திருந்தான். நான் கோபுரப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன், அவன் போய்விட்டான். ஆனால் மனசாட்சி உள்ளவன், அடுத்த ஊர் பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். நான் குறுக்கே ஆட்டு மேய்ச்சல் வழியாக நடந்தேன். அங்கிருந்த கடா ஒன்று என்னை வேலிவரைக்கும் கூடவே வந்து வழியனுப்பியது. கொஞ்சம் வேகமாகவே வழியனுப்பியது. கால்சட்டையில் கிழிந்தது பின்பக்கம் மட்டும்தான். "இங்கதான் ஏறணும்னு தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்றான் நெவில். சீட்டுக் கேட்காததுதான் பாக்கி.

அப்புறம் அபாட்ஸ் மெரோ மடம். மடம் என்றால் நாலு தூணும் புல்லும். போகிற இடமெல்லாம் விளக்கம் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சரித்திரம் முழுவதும் வந்துவிட்டது, அக்கா. மடமாக இருந்தால் எட்டாம் ஹென்றி இடித்திருப்பார். கோட்டையாக இருந்தால் கிராம்வெல் இடித்திருப்பார். இரண்டு பேர் கண்ணிலும் படாமல் தப்பித்த வீடாக இருந்தால், வரி கட்ட முடியாமல் சொந்தக்காரரே கதவைத் திறந்து டிக்கெட் போட்டிருப்பார். மடத்தில் நல்ல மழை. தூண்களுக்கு நேராக வண்டியை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் முன்பக்கம் பார்த்தபடி முட்டை ரொட்டி சாப்பிட்டோம். கண்ணாடியில் ஆவி படிந்து ஒரு தூணும் தெரியவில்லை. "விட்டுரும் போல இருக்கே" என்றான் நெவில். "ஆமா, அந்தப் பக்கம் வெளுத்திருக்கு" என்றார் மியூரியல். எந்தப் பக்கமும் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்கில் இருந்த தேநீர் தீர்ந்ததும் கிளம்பினோம். ரொம்ப அழகான மடம்.

அதற்கு மேல் வீடு திரும்பியிருக்கலாம். திரும்பாததற்குக் காரணம் நான் மட்டும் இல்லை, எங்கள் மூன்று பேருடைய நல்ல குணமும்தான். "ஹாலோவே மாளிகை பாக்கணும்னு உங்களுக்கு இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று நெவில் ஆரம்பித்தான். "உங்க ரெண்டு பேருக்கும் ஆசைன்னா எனக்கும் ஆட்சேபணை இல்ல" என்றார் மியூரியல். "என்னால யாருக்கும் எடஞ்சல் வேணாம், எனக்கு எதுன்னாலும் சரி" என்றேன் நான். நெவிலுக்கு முதுகுவலி, மியூரியலுக்குச் செருப்புக் கடி, எனக்கு இடுப்பு. ஆட்சேபணை ஒருவருக்கும் இல்லாததால் விருப்பமும் ஒருவருக்கும் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நம் நாட்டில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் நடக்கிறது.

அந்த மாளிகையில் அறைக்கு ஓர் அம்மாள் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் உட்காரலாம், நாம் உட்காரக்கூடாது. ஆனால் உட்காராதே என்று எழுதி வைத்தால் வந்தவர் மனசு புண்படும் என்று நாற்காலிக்கு நாற்காலி ஒரு காய்ந்த முள்பூவை வைத்திருந்தார்கள், முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, முள் தெரியும். முள் இருந்த நாற்காலிகளையெல்லாம் நான் மரியாதையாகத் தாண்டினேன். நூலகத்தில் ஜன்னலோரம் கை வைத்த பெரிய நாற்காலி ஒன்று இருந்தது. கயிறு கட்டியிருந்தார்கள், ஆனால் ஒரு பக்கம் கொக்கி கழன்று தொங்கியது. நாற்காலியில் முள் இல்லை. இடுப்பு கெஞ்சியது. உட்கார்ந்தேன். வெயில் வேறு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கண் அசந்துவிட்டது.

பேச்சுக் குரல் கேட்டு முழிப்பு வந்தது, கண்ணைத் திறக்கவில்லை. "எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாத்தீங்களா? காதுக்குள்ள முடிகூட வச்சிருக்காங்க" என்றாள் ஒருத்தி. இமை இடுக்கு வழியாகப் பார்த்தேன், நீலத் தொப்பி போட்ட அம்மாள். "மூக்குதான் கொஞ்சம் மிஞ்சிப்போச்சு" என்றார் அவள் புருஷன். "சும்மா இருங்க, அந்தக் காலத்துல மூக்கு அப்படித்தான் இருந்துச்சு." இந்த இடத்தில் நான் எழுந்து 'நான் மெழுகுப் பொம்மை இல்லை, உயிரோடுதான் இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மாளுக்குப் புருஷன் முன்னால் எவ்வளவு அவமானம்? நம் அம்மா நம்மை அப்படி வளர்க்கவில்லை. அவர்கள் போனதும் எழுந்துகொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் இரண்டு பேர் நின்று பார்த்தால் நாலு பேர் பின்னால் நிற்பார்கள், நாலு பேர் நின்றால் அது வரிசை. வரிசையைக் கண்டால் எதற்கு என்று கேட்காமல் கடைசியில் போய் நிற்பதுதானே நம்மவர் பழக்கம். வாசல் தாண்டிப் போய்விட்டது வரிசை. என்னை எழுப்பக் கூச்சப்பட்டு மூலையிலேயே இருந்த அம்மாள் தேநீருக்குப் போக, வேறொருத்தி புதிதாக வந்து உட்கார்ந்தாள். என்னைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஒரே சங்கடம். யாரிடமாவது கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவோமே. அதனால் அவளே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "இவர் அந்தக் காலத்துல இந்தப் பண்ணையோட காரியஸ்தர். நல்ல மனுஷன்தான், குடி மட்டும் உண்டு." அதையும் நான் பொறுத்துக்கொண்டேன், அக்கா.

நடுவில் மியூரியல் வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் வந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி, "நெஞ்சு ஏறி எறங்குது, கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க. நெவில் வண்டிய எடுக்கப் போறார், நான் போய் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். இந்த நாட்டில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள். அப்புறம் மூடும் மணி அடித்தது, கூட்டம் கலைந்தது, எழுந்திருக்கப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குள் அந்தப் புதுப் பெண், தூசி படாமல் சாமான்களை மூடுகிற வெள்ளைத் துணியை எடுத்துவந்து கால்மாட்டிலிருந்து என்னைப் போர்த்த ஆரம்பித்தாள். கழுத்துவரை வந்தபோது, "மன்னிக்கணும்மா, முகத்த மட்டும் மூடாம விட்டா நல்லாயிருக்கும்" என்றேன். "ஓ, மன்னிக்கணும்" என்று தாடைக்குக் கீழே துணியை ஒழுங்காகச் செருகிவிட்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவள் என்னிடம் கேட்டாள், யார் கடைசியாகக் கேட்பது என்பதிலேயே கொஞ்ச நேரம் போய்விட்டது. பிறகு ஆட்கள் வந்து நாற்காலியோடு என்னைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாற்காலியில் முன்பு ஒரு பிரபு இப்படிப் போயிருக்கிறாராம்.

என் கோட்டின் உள்பக்கம் 'காணாமல் போனால் இந்த எண்ணில் கூப்பிடவும்' என்று ஒரு துணித்துண்டு இருந்தது. அதைத் தைத்தது நீ. நான் காணாமலே போகவில்லை, அக்கா. சாயங்காலம்வரை ஒரே இடத்தில்தான் இருந்தேன், ஊரே என்னைப் பார்த்தது. ஆக உனக்கு ஃபோன் வந்ததற்குக் காரணம் உன் தையல்.

அந்தச் சமயம் மியூரியல் மழையில் நனைந்து ஓடிவந்தார். பின்னாலேயே நெவில். "வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து என் வண்டி நேரம் தவறினதில்ல. இந்தம்மா சாவியப் புடுங்கிக் கைப்பையில போட்டுக்கிச்சு" என்று மாளிகை ஆட்கள் எல்லாரிடமும் முறையிட்டான். ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாற்காலிக்கு உரிய முள்பூ எப்படிக் காணாமல் போனது என்றுதான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். அது மியூரியலுடைய கம்பளிச் சட்டையின் முழங்கைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. எனக்கு முன்னாலேயே கொக்கியைக் கழற்றிப் புத்தகம் பார்க்க உள்ளே போயிருக்கிறார். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நானே முள்ளை எடுத்துக் கீழே போட்டிருப்பேன் என்று அவர்கள் நினைத்தார்கள், நினைக்கட்டும். இதை எழுதுகிறவருக்கே இப்போதுதான் தெரிகிறது. பேனா நின்றுவிட்டது. எழுதுங்க மியூரியல்.

ஆகவே, அக்கா, ஒரு வம்பும் இல்லாமல் போனேன், வந்தேன். இப்போது என் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன், நானே சமைக்கிறேன், நானே மாடிப்படி ஏறி இறங்குகிறேன், எனக்கு ஒருத்தர் துணையும் தேவையில்லை. நீ ரயில் ஏறிச் சிரமப்பட வேண்டாம். ஆண்டவர் உன் முழங்காலுக்கு வலுவும் உன் மனசுக்குக் கொஞ்சம் இளக்கமும் அருளட்டும். உன் பூனைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு, உன் சொல் தட்டாத தம்பி,
ஆமோஸ் (அவர் போட்ட குறி) X

பி.கு.: பெரில் அவர்களுக்கு, மியூரியல் எழுதுவது. குறி போட்டுவிட்டு அவர் ஊன்றுகோலோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன், ஆனால் எழுதியதெல்லாம் என் சமையலறை மேசையில். மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் திரும்பியதிலிருந்து அவர் என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். மேஜர் மேசைக்கடியில். சமைக்கவும் செய்தார், ஒரு முட்டை. அந்தச் சட்டியைத் தூக்கிப்போட்டாயிற்று.

என் கணவர் ரெஜினால்ட் போன பிறகு அவர் நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை. நான் ஒன்றும் சொன்னதில்லை, வருகிறவர்கள் தாங்களாகவே வேறு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆமோஸ் வந்த அன்றே போய் அதில் உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். "முள் இல்லையே" என்றார். மூடிக்கொண்டேன்.

என்னிடம் ஒன்று கேட்பதற்காகத் தினமும் தோட்டத்தில் மேஜரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மேஜர் சம்மதித்துவிட்டது. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆட்சேபணை நிறைய இருக்கிறது. விருப்பமும் இருக்கிறது.

திங்கட்கிழமை கட்டாயம் வாருங்கள். பூட்டு வேண்டாம், மாதாகோவிலில் நல்ல காரியத்துக்குப் போட்டுக்கொள்ள நல்ல தொப்பி ஒன்று கொண்டுவாருங்கள். நெவில் ரயிலடிக்கு வருவார், தாமதிக்காமல் இறங்கிவிடுங்கள்.

முள்பூவை மன்னிப்புக் கேட்டு மாளிகைக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். இங்கே அதற்கு வேலை இல்லை.