அடுத்த எடைப் பிரிவுக்குப் போகிறவர்

உடம்பு ஏற்றுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். தெரியாது என்று சொன்னால் மதுரையில் ஏதாவது ஒரு பரோட்டாக் கடைக்குப் பொழுது சாய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். கையில்லாத பனியன், முட்டிக்கு மேலே நிற்கும் கால்சட்டை, காயாத வியர்வை, இவற்றோடு ஒருவர் இலையைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் பசிக்காகச் சாப்பிடுகிறார்கள், ருசிக்காகச் சாப்பிடுகிறார்கள், கல்யாண வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாதே என்று சாப்பிடுகிறார்கள். இவர் கடமைக்காகச் சாப்பிடுகிறார். "போதுமாண்ணே?" என்று பரிமாறுகிறவர் கேட்டால், "எனக்குப் போதும்ணே, என் வெயிட்டுக்குப் பத்தாது" என்பார்.

ஊரில் எல்லோருக்கும் டயட் என்றால் சாப்பிடாமல் இருப்பது. இவருக்கு அது இன்னொரு கறிதோசை. அக்குளுக்கொரு தேங்காயை இடுக்கியவர்போல் கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நடப்பார். கண்ணாடி கண்ட இடத்தில் நிற்பார். நகைக்கடைக் கண்ணாடி, முடிவெட்டும் கடைக் கண்ணாடி, நிறுத்தி வைத்த அடுத்தவர் காரின் கண்ணாடி, அதற்குள் அடுத்தவர் உட்கார்ந்திருந்தாலும். எடை ஏறினால் அது மசில். இறங்கினால் மெஷினில் கோளாறு. எதற்காக இப்படி ஏற்றுகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த இனத்தில் ஒருவரை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். கோச்சடை ஆலன்.

ஆலன் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். மனைவி பெர்சி இன்னொரு மிஷன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. காலையில் வைகைக் கரையோரம் ஓடுவதும், மாலையில் செல்லூரில் குத்துச்சண்டை பழகுவதும் ஆலனுக்கு நெடுநாள் வழக்கம். செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் நல்லகாமன் மாஸ்டர் பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். கீழே தறி அடிக்கும், மேலே இவர்கள் அடிப்பார்கள். யார் சத்தம் எது என்று தெருவுக்குத் தெரியாது. ஆலன் ஒல்லி, உயரம், ஓட்டத்தில் காற்று. கரையோரம் அவர் ஓடுகையில் நாய்கள்கூட நாலடி துரத்திவிட்டு, வேண்டாமென்று உட்கார்ந்துவிடும்.

போன வருடம் மாவட்டப் போட்டியில்தான் அது நடந்தது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வந்த விக்ரம் என்ற ஆராய்ச்சி மாணவன், இடதுகைக்காரன், முதல் ரவுண்டிலேயே தாடையில் ஒன்று வைத்தான். ஆலன் படுத்தார். நடுவர் எண்ணத் தொடங்கினார். ஆலனுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. எண்ணுவது கேட்டது, மாஸ்டர் கத்துவது கேட்டது, பக்கத்துத் தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடிப்பதுகூடக் கேட்டது. கால் இருந்தது, கை இருந்தது, எழுந்திருக்கலாம். எழுந்தால் இன்னொன்று விழுமே? அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எண்ணி முடியட்டும் என்று காத்துக்கிடந்தார்.

இது அவருக்கு மட்டும் தெரிந்த சேதி. ஊருக்குத் தெரிந்தது வீடியோ மட்டும். பள்ளி வாட்ஸ்ஆப் குழுவில் அது சுற்றி வந்தபோது, "கீழ கெடந்தப்ப கண்ணு மூடியிருந்துச்சே ஆலன், ஜெபமா?" என்று தலைமை எழுத்தர் தனிஸ்லாஸ் கேட்டார்.

அன்று மாலை ஆலன் வீட்டில் அறிவித்தார். "வெயிட் பத்தல பெர்சி. அதான் விசயம். அவன் எலும்பு கனம். அடுத்த வருசம் நான் மேல் பிரிவுக்குப் போயிறேன்."

பெர்சி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "மேல போனா அங்கயும் ஆளு இருப்பாங்கள்ல? இவனவிடக் கனமா?"

"இருப்பாங்க."

"அப்ப அடியும் கனமாத்தான விழும்?"

"ஒனக்கு பாக்ஸிங் தெரியாது."

"எனக்கு பிசிக்ஸ் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, அவள் யாருக்கோ சிவப்பு மையில் பெரிதாக ஒரு முட்டை போட்டாள்.

தொடங்கியது திருப்பணி. விடிவதற்குள் ஊறவைத்த கொண்டைக்கடலை, ஓடிவிட்டு வந்ததும் முட்டை, முட்டை இறங்குமுன் இட்லி, அலுவலகத்தில் மேசை இழுப்பறையைத் திறந்தால் மாற்றுச் சான்றிதழ்களுக்கு நடுவே நேந்திரம்பழம், மதியம் வீட்டுச் சோறு, அது வீட்டுச் சோறுதானே என்று கடைப் பிரியாணி, மாலையில் பயிற்சிக்கு முன் சுண்டல், பயிற்சிக்குப் பின் குடல் குழம்போடு பரோட்டா, படுக்குமுன் பால், பாலுக்குத் துணையாகப் பேரீச்சம்பழம். மெல்லும்போது நெற்றி நரம்பு புடைக்கும். சாப்பிட்டு முடித்து ஆலன் பெருமூச்சு விட்டால், அடுத்த வீட்டார் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள். சம்பளம் வந்த நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஜிகர்தண்டா குடிக்கப் போனவர், அவளுடைய கோப்பையையும் முடித்துவிட்டு, "ஒனக்கு இது வேணாம்மா, வெயிட் போடும்" என்றார்.

நடுவில் தவக்காலம் வந்து சேர்ந்தது. பெர்சி வீட்டில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை கறி வாடையே இருக்காது. ஆலன் பங்குத்தந்தையைப் பார்த்து விலக்குக் கேட்கப் போனார்.

"நோயாளிக்கு விலக்கு உண்டு. ஒனக்கு என்ன நோவு?" என்றார் சாமியார்.

"போட்டி சாமி. மாவட்டப் போட்டி."

"எதிராளியப் பாத்து பயமா இருக்கா?"

சாமியார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "முட்டை சாப்டுக்க" என்று அனுப்பிவைத்தார். அந்த நாற்பது நாளும் கோச்சடைப் பக்கத்துக் கோழிகளுக்குத்தான் தவக்காலம்.

இவ்வளவுக்கும் எடை லேசில் ஏறவில்லை. ஏன் ஏறும்? காலையில் ஓட்டம் இருக்கிறதே. நாளெல்லாம் பாடுபட்டு உடம்பில் சேர்த்ததை விடியற்காலையில் வைகைக் கரையில் சிந்திவிட்டு வந்தார். ஆகவே ஓட்டத்தில் கை வைத்தார். பாலம்வரை போனது படித்துறையோடு நின்றது. படித்துறை டீக்கடையோடு நின்றது. பிறகு டீக்கடைக்கு வண்டியிலேயே போனார். அவரைக் கண்டு எழுந்த நாய்கள் வண்டியின் பக்கத்திலேயே நிதானமாக வந்தன, பன் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு.

ஓட்டம் நின்றதும் எடை பிடித்தது. பனியன் இறுகியது. கன்னம் வந்தது. கல்யாண மோதிரம் கழலவில்லை. ஆலன் ஆனந்தப்பட்டார்.

நல்லகாமன் மாஸ்டர் படவில்லை. "ஆலன், கால் நகரவே மாட்டேங்குது. ஓடுறியா இல்லியா?"

"ஓடுனா எறங்குதுண்ணே."

"ஓடலேன்னா மூணாவது ரவுண்டுல மூச்சு எறங்கிரும்டா. சரி, கிளவுஸ மாட்டு. புதுசா சேந்த பய ஜெய்சன்கூட ரிங்குக்குள்ள எறங்கு."

"வெயிட் ஏறட்டும்ணே. அப்பறம் எறங்குறேன்."

இதுதான் இந்த இனத்தின் மந்திரம். வெயிட் ஏறட்டும். எத்தனை உபயோகமான சொல்! அதை வைத்துக்கொண்டு ஒருவர் எல்லா மாலையும் பயிற்சிக்கூடத்துக்குப் போகலாம், தொங்கும் மணல் மூட்டையைக் குத்தலாம், கயிறு தாண்டலாம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு அறிவுரை சொல்லலாம். யாரிடமும் அடி மட்டும் வாங்க வேண்டாம். மூட்டை திருப்பி அடிப்பதில்லை. ஆலனுக்கு மூட்டையிடம் இருந்த மரியாதைக்கு அதுவே காரணம்.

ஆனால் வாட்ஸ்ஆப்பில் ஸ்டேட்டஸ் போடுவதை விடவில்லை. தினமும் ஒரு படம்: முட்டை மலை, முறுக்கிய கை, மூட்டையோடு முறைப்பு. கீழே ஒரு வரி: "ஒருத்தனுக்கு இருக்கு." யாருக்கு என்று சொல்லவில்லை. பெர்சி ஒருநாள் கேட்டாள். "ஏங்க, அந்த ஒருத்தன் இருக்குற பிரிவ விட்டுத்தான நீங்க போறீங்க? அப்பறம் அவனுக்கு என்ன இருக்கு?"

ஆலன் வாயில் வாழைப்பழம் இருந்தது.

போட்டி நாள் வந்தது. மே மாத வெயில், மைதானத்தில் பந்தல். எடை பார்க்கும் வரிசையில் நின்ற வீரர்கள் எல்லோரும் எடை குறைக்கத் தவித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பந்தலைச் சுற்றி ஓடினார்கள், மொட்டை அடித்திருந்தார்கள், எச்சிலைத் துப்பித் துப்பி மண்ணை நனைத்தார்கள். அந்த வரிசையில் எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தவர் ஆலன் ஒருவர்தான். மேல் பிரிவுக்கு ஒரு மயிரிழை குறைகிறதோ என்ற சந்தேகத்தில், வரிசையில் நின்றபடியே ஒரு சீப்பு பழத்தை முடித்தார். முள் தாண்டியது. மேல் பிரிவு! ஆலன் தராசிலிருந்து மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்குவதுபோல் இறங்கினார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அவர் பெயரை அழைத்தார்கள். நீல மூலை, கோச்சடை ஆலன். சிவப்பு மூலை, நாகமலை புதுக்கோட்டை விக்ரம்.

எந்த விக்ரம்? ஆலன் திரும்பிப் பார்த்தார். பந்தல் காலருகே ஒரு உருண்டை முகம் அவரையே திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கையிலும் வாழைப்பழம்.

"அண்ணே," என்று விக்ரம் கிட்டே வந்தான், "நீங்க கீழ் பிரிவுல இல்லயா?"

"நீ இல்லயா?"

"நான் எப்பிடிண்ணே இருப்பேன்? வருசம் பூரா நீங்க போட்ட ஸ்டேட்டஸப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒருத்தனுக்கு இருக்குன்னா அது நான்தானே? எங்க ஹாஸ்டல்ல பசங்க என்னயத் தூங்கவே விடல. சரி, நமக்கு வேணாம், மேல போயிருவோம்னு சாப்ட ஆரம்பிச்சேன்." அவன் தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ஹாஸ்டல் சாப்பாடுண்ணே. எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா?"

கீழ்ப் பிரிவில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இந்த இரண்டு பேரும் அங்கேதான் இருப்பார்கள் என்று நம்பி அந்தப் பிரிவில் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. விவரம் புரியாமல் கொடுத்தவன் ஜெய்சன் ஒருவன்தான். தராசில் ஏறினான், இறங்கினான், தங்கப் பதக்கம்.

மணி அடித்தது. அந்தச் சண்டையை வர்ணிக்கச் சொல்லாதீர்கள். முதல் ரவுண்டில் இருவரும் நகர்ந்தார்கள். இரண்டாவதில் நகர நினைத்தார்கள். அடித்த நேரத்தைவிடக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய நேரம் அதிகம். நடுவர் பிரித்துவிட்டால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைபோல் வருத்தத்தோடு விலகி, மறுபடி சேர்ந்துகொண்டார்கள். பந்தலில் ஒருவர், "ஏப்பா, ரெண்டு பேருக்கும் சோடா குடுங்கய்யா!" என்றார். முன்வரிசையில் பெர்சி கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாவது ரவுண்டில் அந்த இடது கை வந்தது. அதே கை, அதே தாடை. ஆலன் விழுந்தார்.

நடுவர் எண்ணினார். எல்லாம் கேட்டது. தாடை வலித்தது, நன்றாகவே வலித்தது. படுத்தபடி ஆலன் அந்த வலியை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார். பல்வலி இதைவிட மோசம். பெர்சியின் தங்கை கல்யாணத்தில் வாழைத்தாரைக் காலில் போட்டுக்கொண்டது இதைவிட மோசம். இவ்வளவுதானா? ஒரு வருடமாக நான் பயந்து ஓடியது இதற்காகவா?

அவர் எழுந்தார்.

எழுந்ததைக் கண்டு விக்ரமே பயந்துபோனான். மணி அடிக்கும்வரை இருவரும் நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள். கேலி செய்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆலன் இன்னும் இரண்டு வாங்கினார், மூன்று கொடுத்தார். புள்ளிக் கணக்கில் விக்ரம் ஜெயித்தான். ஆலனின் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தாலும் அவரால் அதை மேலே வைத்திருக்க முடிந்திருக்காது.

பெர்சி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். வீங்கிய தாடையைத் தொட்டுப் பார்த்தாள். "வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்" என்றார் ஆலன். பிறகு மெல்ல, "போன வருசமே எந்திரிச்சிருக்கலாம் பெர்சி" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "வீடியோவுல கண்ண மூடுனது தூங்குறவன் மூடுறமாதிரி இல்ல." ஒரு வருடமாக அவள் அதைச் சொல்லாமல் முட்டை அவித்துக் கொடுத்திருக்கிறாள்.

மறுவாரம் ஆலன் பாலம்வரை ஓடினார். வழியெல்லாம் நின்று நின்றுதான். மாலையில் மாஸ்டரிடம் போய், இடதுகைக்காரன் எவனாவது இருந்தால் தன்னோடு இறக்கிவிடச் சொன்னார். விக்ரம் போனில் கூப்பிட்டு, "அண்ணே, அடுத்த வருசம் நீங்க எந்தப் பிரிவுன்னு சொல்லிட்டா நான் வேறயில போயிருவேன்" என்றான். ஆலன் சிரித்து, "நீ எதுலயோ அதுலதான் வாரேன்" என்றார். மறுமுனையில் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது.

ஆக, இனத்தில் ஒருவர் குறைந்தார். கவலை வேண்டாம், இது அழிகிற இனமில்லை. குத்துச்சண்டையோடு சம்பந்தமே இல்லாமல் ஏராளமானோர் அதில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் இன்னொரு டிப்ளமா முடித்துவிடலாம் என்கிறவர், அண்ணனோடு உள்ள மனத்தாங்கலைப் பேசுவதற்கு முன் பொங்கல் வரட்டும் என்கிறவர், பிடித்தவளிடம் சொல்வதற்கு முன் வேலை, வேலைக்கு முன் பயிற்சி, பயிற்சிக்கு முன் கொஞ்சம் ஓய்வு என்கிறவர், எல்லோரும் ஏற்றிக்கொண்டிருப்பது எடையைத்தான். நீங்கள் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்: இதைப் படித்து முடித்துவிட்டுச் செய்யலாம் என்று ஒரு காரியத்தைத் தள்ளி வைத்தீர்களே, அது என்ன?

படித்து முடித்துவிட்டீர்கள்.