ஒற்றைக்கண் தளபதியின் முடிவு

இந்த ஓகஸ்ட் லீவில் ஒரு மாதம் முழுக்க என் இஷ்டப்படி வாழ்வதென்று தீர்மானித்தேன். கலியாணம் முடித்த பதினெட்டு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் தீர்மானம். பழக்கமில்லாத வேலையில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும்.

என் பெயர் றிஸ்லான். ஓட்டமாவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர். மனைவி இர்ஷானா வேறொரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். எங்கள் பக்கத்தில் சீதன வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வந்து சேருவார். ஆகவே வீடு அவளுடையது. வளவு அவளுடையது. வளவில் நிற்கிற பதினொரு தென்னையும் அவளுடையது. தேங்காய் உரிக்கிற வேலை மட்டும் என்னுடையது.

தீர்மானம் இதுதான். பன்னிரண்டு வயதில் நான் பார்த்த ஒரு ஜப்பான் தொடரை, முப்பத்தொன்பது பகுதியையும், முதலிலிருந்து கடைசிவரை திரும்பப் பார்ப்பது. உலகம் முழுவதும் கடலுக்குள் போய்விட்ட ஒரு காலம். தொமிகோ என்றொரு பெட்டை ஓட்டைப் படகில் தன் உம்மாவைத் தேடிப் போகிறாள். இரும்புக் கப்பலில் ஒற்றைக்கண் தளபதி ஒருவன் அவளைத் துரத்துகிறான். அப்போது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கச்சி முகம்மது காக்காவின் கடையில், கார் பெற்றறியில் ஓடிய கறுப்பு வெள்ளை டிவியில், சிங்களம் பேச வைத்த தொடரைப் பார்த்தோம். ஒரு சொல்லும் விளங்காது. விளங்காமலே அழுவோம்.

கடைசிப் பகுதி தொடங்கி ஐந்தாவது நிமிஷம். தொமிகோ தளபதியின் கப்பலில் ஏறுகிறாள். ஒரு கதவில் கை வைக்கிறாள். பெற்றறி இறங்கிவிட்டது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கதவுக்குப் பின்னால் யார் என்று முப்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

இப்போது எல்லாம் நெட்டில் கிடக்கிறது. லீவு விட்ட முதல் நாள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிவிக்கு முன்னால் பாயை விரித்தேன். இர்ஷானா வந்து பார்த்தாள்.

"என்ன இது, காட்டூனா?"

"காட்டூன் இல்ல புள்ள. அனிமே."

"அனிமேயோ என்னவோ, இனிமே தேங்காய் ஆரு உரிக்கிற?"

"லீவு முடியட்டும்."

"அதுவரைக்கும் கறிக்கு ஆத்துத் தண்ணியையா ஊத்துற?"

அவள் தானே தேங்காயை உரித்தாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பாருங்கள், நாற்பத்து நாலு வயதிலும் மனிதனுக்குப் புத்தி வருவதில்லை.

ஆனால் அந்தப் பத்து நாள் சொர்க்கம். கறுப்பு வெள்ளையில் பார்த்ததை முதன்முதலாக நிறத்தோடு பார்க்கிறேன். தொமிகோவின் படகு மஞ்சள் என்றே எனக்குத் தெரியாது. விடியற்காலையில் எங்கள் ஓட்டமாவடிப் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் சாம்பலுமில்லாமல் நீலமுமில்லாமல் ஒரு நிறத்தில் கிடக்கும். இருபது வருஷமாக அந்த நிறத்தைக் கலக்கப் பார்த்துத் தோற்றவன் நான். அவர்கள் எண்பதுகளிலேயே கலந்து முடித்திருக்கிறார்கள். ஏழாம் பகுதியில் தொமிகோ அரை நிமிஷம் ஒன்றும் பேசாமல் சோறு சாப்பிடுகிறாள். அவ்வளவுதான். அந்த அரை நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான படம் கீற வேண்டும். யாரோ ஒருவர் குனிந்திருந்து, ஒவ்வொரு சோற்றுப் பருக்கையையும் கையால் கீறியிருக்கிறார்.

பத்தாம் பகுதியில் ஒரு மழை வந்தது. இர்ஷானா அகப்பையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"இந்த மழையையும் கையாலயா கீறின?"

"ஓம். ஒவ்வொரு துளியும்."

"ம்" என்றாள். மழை விடும்வரை நின்றாள். பிறகு குசினிக்குப் போனாள்.

அடுத்த நாள் பை நிறைய மீன் வந்தது.

"இஞ்சாருங்க, இந்த மீனைக் கொஞ்சம் வெட்டித் தாங்களன்."

"லீவில வேலை செய்யிறல்ல எண்டு சொன்னேனே."

"சரி, பாருங்க. நல்ல கதைதான். கடைசியிலதான் அந்த ஒற்றைக்கண் தளபதி, பாவம் மனிசன்..."

பாயிலிருந்து எழும்பிவிட்டேன். "நீ பார்த்துட்டியா?"

"ஃபோனில பார்த்தன். அந்தக் கதவைத் திறந்தா உள்ளுக்கு ஆரு நிக்கிற தெரியுமா?"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். காதைப் பொத்தினால் மீனை வெட்ட முடியாது என்று சைகையால் காட்டினாள். காதை விட்டுக் கத்தியை எடுத்தேன்.

கடைசிப் பகுதியை உடனே பார்த்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விடியத் தொடங்கி நோன்பு பிடித்தவன் மஃரிபுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கடிப்பானா? என்னுடையது முப்பத்திரண்டு வருஷ நோன்பு.

அதன் பிறகு என் லீவு என் கையில் இல்லை. தண்ணீர்த் தாங்கி கழுவினேன். ஒன்பது ஜன்னலின் கொசுவலையையும் மாற்றினேன். பன்னிரண்டாம் பகுதிக்கும் இருபதாம் பகுதிக்கும் இடையில் முழுத் தென்னைக்கும் பாத்தி கட்டினேன். ஒருநாள் துணிந்து "ஏலாது" என்றேன். அவள் மெதுவாகத் தொடங்கினாள்.

"தொமிகோட உம்மா உண்மையில..."

"எங்க அந்த மண்வெட்டி?"

மாமி ஆமினா உம்மாவுக்கும் விஷயம் போய்விட்டது. தன் வீட்டு வாசல் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் தேவை என்று வந்து நின்றார்.

"மகள் சொன்னா, மருமகன் இப்ப சொன்னா மறுக்கிறல்லையாம்."

"அப்படியில்ல மாமி, ஒரு சின்னப் பிரச்சினை."

"தெரியும். கதவுக்குப் பின்னால ஆரோ நிக்கிறாங்களாம்."

இரண்டு தரம் அடித்தேன், ஒரு பச்சை, மேலே இன்னொரு பச்சை. முதல் பச்சை மாமிக்குப் பிடிக்கவில்லை.

லீவு முடிய இரண்டு நாள் இருக்க முப்பத்தொன்பதாம் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். ளுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். தொமிகோ கப்பலில் ஏறினாள். கதவில் கை வைத்தாள். கதவு திறந்தது.

உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்கள். அந்தப் பன்னிரண்டு வயதில் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்காது என்று மட்டும் சொல்கிறேன். பெற்றறி இறங்கியதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"இர்ஷானா, நீ என்னத்துக்குத் தளபதியைப் பாவம் எண்ட? அவன் சாகல்லையே. நல்லாத்தானே இரிக்கான்."

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"சாகல்லையா? அப்ப நல்லம்."

"நீ பார்த்த எண்டு சொன்னியே?"

"எங்க பார்த்தன்? இந்தப் பக்கம் வாற போற நேரம் காதில விழுந்த பேரும், நீங்க சொன்ன அந்தக் கதவும்தான். ஒரு பேரைச் சொன்னாலே நீங்க மீன் வெட்டுறீங்க. மிச்சத்தை எதுக்குப் பார்க்கிற?"

அன்று பின்னேரம் நான் கட்டிய பதினொரு தென்னைப் பாத்தியையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன்.

மறுநாள் காலை டிவிச் சத்தம் கேட்டு எழும்பி வந்தேன். இர்ஷானா என் பாயில் உட்கார்ந்திருந்தாள். முதலாம் பகுதி. மஞ்சள் படகு தண்ணீரில் இறங்குகிறது. அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. இப்போது முடிவு தெரிந்தவன் நான்.

வாசலில் சாய்ந்து நின்றேன். குரலை அவளுடைய குரல்போலவே மெதுவாக்கினேன்.

"இர்ஷானா, ஒரு தேத்தண்ணி போட்டுத் தாறியா? இல்லாட்டி அந்தக் கதவுக்குப் பின்னால..."

"சொல்லுங்க" என்றாள். "முடிவு தெரியாட்டி எனக்கு ஒரு படமும் நிம்மதியாப் பார்க்க ஏலாது."

வாயைத் திறந்தேன். தொமிகோ துடுப்பைப் போட்டாள். தண்ணீர் அந்தச் சாம்பலும் நீலமுமான நிறத்தில் விரிந்து போனது. இர்ஷானா மூச்சை உள்ளே இழுத்தாள். யாரோ குனிந்திருந்து கையால் கீறி முடித்த அந்தக் கதவை, காலைப் பசியில் நின்றுகொண்டு, ஒரு தேத்தண்ணிக்காக எப்படித் திறந்து காட்டுவேன்? வாயை மூடிக்கொண்டேன்.

குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

"எனக்கும் சேர்த்துப் போடுங்க" என்று சத்தம் வந்தது. "இஞ்சி தட்டி."