ஏழு நகல் லாயர்

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, பிரிஞ்சாங் டவுன் கடையில் ஒரு கடிதத்துக்கு ஏழு நகல் எடுத்தது. இரண்டு போதும். அப்பாவுக்கு ஏழு வேண்டும்.

"ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு நமக்கு."

"மீதி நாலு?"

"நமக்குள்ளது தொலைஞ்சு போச்சுன்னா?"

அது எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, அங்கே வேலை செய்த சாந்தினிக்கு வந்த வேலைநீக்கக் கடிதம். வந்து முப்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வேலை நீக்கியது அநியாயம் என்று முறையிட இந்த நாட்டில் அறுபது நாள் தருகிறார்கள். அறுபத்தோராவது நாள் போனால் கதவு மூடியிருக்கும். இதை எனக்குச் சொன்னவரும் அப்பாதான்.

அப்பா லாயர் இல்லை. லாயர் இனம். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி உயரத்தில், தேயிலையும் முட்டைக்கோசும் விளையும் இந்தக் குளிரில், தோட்டத்துக்கு ஒன்றாவது தானாக முளைக்கும். கறுப்புக் கோட்டு கிடையாது. கம்பளிச் சட்டை உண்டு. பட்டம் கிடையாது, பிளாஸ்டிக் பை உண்டு. பைக்குள் பிறப்புப் பத்திரம் முதல் பழைய மின்கட்டண ரசீது வரை, தன்னுடையதும் பிறருடையதும், யாருடையது என்று தெரியாததும் இருக்கும். அழைக்காமல் வரும். வந்தால் போகாது. கட்டணம் கேட்காது, கேட்காததை எல்லாரிடமும் சொல்லும்.

தகுதி எங்கிருந்து வருகிறது? சிவசாமி, அதாவது என் அப்பா, முப்பத்தொரு வருடம் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்தார். இரண்டு வருடம் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். அடுத்த தேர்தலில் தோற்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு வழக்கில் ஜெயித்தார். தொழிற்சாலையில் ஈரத்தரையில் நிற்பவர்களுக்கு நிர்வாகம் ரப்பர் பூட்ஸ் தர வேண்டும் என்பது வழக்கு. தந்தார்கள். அளவு எல்லாருக்கும் ஒன்பது. அன்றிலிருந்து அவர் தூங்கும்போதுகூடச் சட்டம் பேசினார்.

நான் பூக்கள் வைக்கும் குளிரறைகளைப் பழுதுபார்ப்பவள். பக்கத்து ஊர் திரிங்காப்பில் வேலை. கம்ப்ரசர் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. 'ஓடுவதாகவும் வாதிடலாம்' என்று மூன்றாவது நிலை அதற்கு இல்லை. அப்பாவின் உலகம் முழுக்க அந்த மூன்றாவது நிலையில்தான் இருந்தது. "சட்டத்துல எடம் இருக்கு," என்பார். எதைக் கேட்டாலும் இடம் இருக்கும். எங்கள் வீட்டில்தான் இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் வரை ஆட்கள்.

வருகிறவர்களில் ஒருவராவது தனக்காக வருவார் என்கிறீர்களா? இல்லை. எல்லாரும் கூட்டாளிக்காக வருவார்கள். முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் வேலப்பன் ஒருநாள் வலது கையில் கட்டுடன் வந்தார்.

"கூட்டாளி ஒருத்தனுக்குச் சின்ன டவுட்டுண்ணே."

"கூட்டாளிக்கு எந்தக் கையில அடி?"

"சோத்துக் கை..." தன் கட்டைப் பார்த்துக்கொண்டார். "அவன் ஒண்ணுமே பண்ணலண்ணே."

அப்பா தேநீர் கொடுத்தார். முதல் குவளை முடிந்தது.

"லேசாத் தள்ளுனான்."

இரண்டாவது குவளை.

"எவ்ளோ லேசா?"

"பல்லு ஒண்ணுதாண்ணே போச்சு. அதுவும் ஆடிக்கிட்டிருந்த பல்லு. போலீசு சும்மா சாட்சிக்குத்தான் வரச் சொல்றாங்க. போவணுமா?"

"போவணும்லா. எவன் பல்லுக்கு எவன்டா சாட்சி? பேரு, ஐசி நம்பரு, அட்ரஸ் கேட்டாச் சொல்லு. கதை கேட்டா, லாயர் வரட்டும்னு சொல்லு."

"அதான் நீங்க இருக்கீங்களே!"

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். இந்த இனம் மகிழ்ச்சியை அப்படித்தான் காட்டும். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி உண்டு. நிஜமான லாயர் வருவார். அப்பாவுக்குத் தெரியும். தொலைபேசி எண்கூட மனப்பாடம். ஆனால் மூன்றாவது வருகையில்தான் சொல்வார். முதல் வருகையிலேயே சொல்லிவிட்டால் இரண்டாவது வருகை ஏது?

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி கடையில் நின்ற ரூபினி, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கொண்டுவந்து காட்டினாள்.

"நீ என்னாம்மா பதில் போட்ட?"

"கட்டை விரல் போட்டேன், அங்கிள்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும் அதான் போடுவேன்."

"அந்தக் காலத்துல கங்காணி கையப் புடிச்சு அமுக்கிக் கைநாட்டு வாங்குனான். இப்ப வீட்டுல உக்காந்து நீங்களே அனுப்பி வைக்கிறீங்க!"

எல்லாருக்கும் கடைசியில் ஒரே மருந்து: "எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத." அவரே போட நேர்ந்தால் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பார். என் பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆறு வருடமும் எழுதினார்: 'பெற்றுக்கொண்டேன். உள்ளடக்கத்தை ஏற்கவில்லை.' நான் வகுப்பில் முதலாவதாக வந்த வருடமும் ஏற்கவில்லை. கல்யாண மொய் உறையில், 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றி.' மாப்பிள்ளை வீட்டார் அதை வாழ்த்து என்று நினைத்து நன்றி சொன்னார்கள்.

சரி, சாந்தினி.

சலிப்பறையில் தேயிலையைத் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. சலிக்கும்போது தூள் தரையில் கொட்டும். கொட்டியதைக் கூட்டி, மாலையில் ஒரு பொட்டலம் வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் தோட்டத்து வழக்கம். யாரும் அனுமதி எழுதித் தரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. பழைய துரைமார்கள் பார்த்தும் பாராமல் போனார்கள். புது மேனேஜர் கேமராவில் பார்த்தார். அவருக்கு அது திருட்டு. ஒரு பொட்டலத்துக்குப் போலீஸ் புகார், வேலைநீக்கம், வீட்டைக் காலி செய்யச் சொல்லி இன்னொரு தாள். தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. இரண்டு பிள்ளைகள். கணவர் இல்லை.

அவள் அப்பாவிடம் கேட்டது, நாட்டில் எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

"போலீசு இன்னும் கேஸே போடலியே மாமா. அதுக்குள்ள எப்புடி வேலைய விட்டுத் தூக்குவாங்க?"

"அது வேற வண்டி, இது வேற வண்டிம்மா. கோர்ட்டு ஒரு ரோட்டுல போவும், கம்பெனி விசாரணை ஒரு ரோட்டுல போவும். அவன் கேஸ் போடாட்டியும் இவன் தூக்குவான். அவன் விட்டாலும் இவன் தானா விட மாட்டான். நாம இவனத் தனியாப் புடிக்கணும்."

சரியான பதில். இதுதான் இந்த இனத்தின் ஆபத்து. முழுக்கத் தப்பாகச் சொல்கிறவனை மூன்றாம் நாள் விட்டுவிடலாம். பத்தில் ஒன்பது சரியாகச் சொல்கிறவரிடம் வீட்டுச் சாவியையே கொடுத்துவிடுவோம்.

பத்தாவது என்ன? நேரம். முறையீட்டுப் படிவத்தை அப்பா பன்னிரண்டாவது நாளே நிரப்பிவிட்டார். கொடுக்கவில்லை.

"எப்ப குடுக்கப் போறீங்கப்பா?"

"அம்பதாவது நாளு."

"ஏன்?"

"சீக்கிரம் குடுத்தா பயந்துட்டோம்னு நெனைப்பான். யோசிக்கவும் அவனுக்கு நேரம் கெடைக்கும்."

"கம்ப்யூட்டர்ல அனுப்ப முடியுமான்னு கேட்டுப் பாக்கவா?"

"அனுப்புனா சாப் யாரு அடிப்பா?"

சாப் என்றால், பெற்றுக்கொண்டோம் என்று அலுவலகத்தில் குத்தும் ரப்பர் முத்திரை. அப்பாவின் மதத்தில் அதுதான் திருநீறு. அதை நேரில் வாங்க, சாந்தினியை அழைத்துக்கொண்டு, அலுவலகம் இருக்கும் குவாந்தானுக்கு அவரே போவதாக ஏற்பாடு. அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நாற்பத்தோராவது நாள் காலை நெஞ்சு வலி. மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் நீட்டினார்கள். இரண்டு பக்கமும் படித்தார். மறுபடியும் படித்தார்.

"அப்பா, போடுங்க."

போட்டார். பக்கத்தில் வழக்கமான வரியைச் சேர்த்தார். நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அதை எந்தப் படிவத்திலும் நானும் ஏற்கவில்லை.

ஒரு லாயர் போனால் இனம் அழியும் என்று நினைப்பீர்கள். எங்கள் வாசலில் வாடகைக் கூடாரம் கட்டி முடிப்பதற்குள் மூன்று பேர் முளைத்துவிட்டார்கள். இறப்புப் பத்திரத்துக்கு எந்த அலுவலகம் என்று மூவரும் மூன்று திசை காட்டினார்கள். வேலப்பன் பாடையைத் தூக்கிக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.

"நளினி, இது கேக்குற நேரமில்ல. அப்பா அந்தப் பல்லு கேசப் பத்தி ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாரா?"

"கூட்டாளி கேசா, உங்க கேசா?"

அவர் பாடையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அப்புறம் பதினாறு நாள். பெரியப்பா ராமசாமி முதல் நாளே சொல்லிவிட்டார்: "பதினாறு முடியிற வரைக்கும் இந்த வீட்டுல ஆபீஸ் பேச்சு, கடுதாசி பேச்சு எதுவும் வேணாம்." யாரும் பேசவில்லை. சாந்தினி தினமும் வந்தாள். குவளை கழுவினாள், கூட்டினாள், வந்தவர்களுக்குத் தேநீர் கலந்தாள். அவள் படிவம் எங்கள் அலமாரியில். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இழவு வீட்டில் எப்படிக் கேட்பது என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்கவில்லையே என்று நான் எடுக்கவில்லை. எனக்கு எண்ணத் தெரியும். எண்ணவில்லை. ஐம்பதாவது நாள் நாங்கள் இருவரும் சேர்ந்து துக்கத்துக்கு வந்தவர்களின் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்தோம். மரியாதையில் ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு இறக்க எங்களால் முடியும். மேனேஜர்கூடத் தேவையில்லை.

நேற்று ஞாயிறு. கருமாதி முடிந்தது. ஐம்பத்தாறாவது நாள். இன்று காலை அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தேன். அப்பாவின் கையெழுத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஏழு நகலும் கிளிப்போடு இருந்தது. ஒரு கட்டம் மட்டும் காலி.

"சாந்தினி, நீ கையெழுத்தே போடலியே?"

"மாமாதான் எதுலயும் போடாதன்னாரேக்கா."

"இதுல போடணும்."

"நெசமாவா?" பேனாவை வாங்கினாள். போடவில்லை. "மாமா இருந்தா ஒரு தடவ கேட்டுக்கலாம்."

நான் காலிக் கட்டத்தை விரலால் காட்டினேன். பிறகு போட்டாள்.

வேலப்பன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்னா அவசரம்? இன்னும் மூணு நாளு முழுசா இருக்கே. புதன்கெழம நல்ல நாளு."

"அண்ணே, நீங்க மொதல்ல அந்தப் பல்லுக்காரங்கிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க," என்றாள் சாந்தினி. பதினாறு நாளில் அவள் சத்தமாகப் பேசியது அதுதான்.

நிற்க. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து எண்ணுவதா, கையில் கிடைத்த நாளிலிருந்தா, ஞாயிறு சேருமா சேராதா என்று இதைப் படிக்கும்போதே மனசுக்குள் ஒரு வழக்கு நடத்தினீர்களா? பொட்டலத்தின் எடை முக்கியம், அதை நளினி சொல்லவில்லையே என்று தோன்றியதா? பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே மாதிரி ஒன்று நடந்தது, நீங்கள் சொன்ன யோசனையில்தான் தப்பித்தார் என்று ஞாபகம் வந்ததா? அப்படியானால் கண்ணாடியைத் துடைக்காதீர்கள். எழுந்துபோய் உங்கள் அலமாரியைப் பாருங்கள். யாருடைய தாளாவது உள்ளே இருக்கும். அவர் கேட்க மாட்டார். உங்கள் மேல் மரியாதை.

நாளை ஐம்பத்தெட்டாவது நாள். விடியும் முன் கிளம்பினால் மதியத்துக்கு முன்னே குவாந்தான். கவுண்டரில் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சாந்தினிக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"நானே பேசுறேங்க்கா. தரையக் கூட்டுனது நாந்தானே."

நான் வண்டி மட்டும் ஓட்டுகிறேன்.